நார்வே மலை ரயில்கள்: எதை முதலில் வாங்குவது, எதற்குக் காத்திருப்பது

2024 ஜூன் மாதத்தில் என் மனைவியும் நானும் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி, ஒன்பது நாள் நார்வேயில் ரயிலேறிச் சுற்றிவிட்டு வந்தோம். ஊர் சுற்றிய ஒன்பது நாளும் நன்றாகவே கழிந்தன. அதற்கு முந்தைய நான்கு மாதங்கள்தான் படாதபாடு படுத்தின. சிக்கல் இதுதான்: விசா வாங்கப் பயணத் திட்டத்தைக் காட்ட வேண்டும். ரயில் சீட்டு இருந்தால்தான் பயணத் திட்டம் உறுதியாகும். மலிவான ரயில் சீட்டை வாங்கிவிட்டால் பணம் திரும்பக் கிடைக்காது. அந்த மலிவான சீட்டு விற்பனைக்கு வரும் நாளிலோ விசா கிடைக்குமா என்பது நமக்குத் தெரியாது. நாங்கள் இதைத் தலைகீழான வரிசையில் செய்து பணத்தையும் தூக்கத்தையும் இழந்தோம். நீங்கள் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. பாதையை முடிவு செய்யுங்கள்

நார்வே வரைபடத்தில் சிறிதாகத் தெரிந்தாலும் நீளமான நாடு. எல்லா ரயில்களையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் பாதி நாள்கள் ரயிலுக்குள்ளேயே உறங்கிக் கழியும். முதல் தடவை போகிறவர்கள் பின்வரும் நான்கு பாதைகளிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

முதலாவது ஓஸ்லோ-பெர்கன் பாதை. ஏறக்குறைய ஏழு மணி நேரப் பயணம். ஓஸ்லோவிலிருந்து கிளம்பிய முதல் மூன்று மணி நேரம் காடும் வயலும் ஏரியுமாக, அழகாக இருந்தாலும் சாதுவாகவே போகும். "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று தோன்றினால் பொறுத்திருங்கள். யைலோ என்ற ஊரைத் தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, பிறகு மரமே இல்லாமல் பாறையும் பனியும் மட்டும் மிஞ்சும். கடல்மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபின்சேதான் நார்வே ரயில்வேயின் மிக உயரமான நிலையம். அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. நாங்கள் போனது ஜூன் மாத நடுவில். கோவையில் மழைக்குக் காத்திருந்த வாரம் அது. ஃபின்சேயிலோ ஏரியின் மேல் இன்னும் பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்தது. ரயில் நின்ற சில நிமிடங்களில் மனைவி நடைமேடையில் இறங்கி, ஓரத்தில் கிடந்த பனியைக் கையில் அள்ளி, அது விரலிடுக்கில் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். நடத்துநர் ஊதல் ஊதியபோது நான் கையைப் பிடித்து இழுத்து ஏற்ற வேண்டியிருந்தது.

இரண்டாவது, அதே பாதையில் மிர்டால் நிலையத்திலிருந்து பிரியும் ஃப்ளோம் ரயில். தூரம் 20 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 20 கிலோமீட்டருக்குள் ரயில் 860 மீட்டருக்கும் மேல் இறங்கி, ஃபியோர்டின் கரையில் கொண்டுபோய் விடுகிறது. மலைக்குள் கடல் நீண்டு நுழைந்திருக்கும் கழியைத்தான் ஃபியோர்டு என்கிறார்கள். பாதையின் பெரும்பகுதியில் சரிவு பதினெட்டுக்கு ஒன்று. பல்சக்கரம் எதுவும் இல்லாமல் சாதாரணத் தண்டவாளத்திலேயே இறங்குகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பல்சக்கர ரயிலில் போனவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். வழியில் ஷோஸ்ஃபொசன் அருவியின் முன்னே ஐந்து நிமிடம் நிற்கும். மொத்த ரயிலும் இறங்கி மரமேடைக்கு ஓடும். அருவியின் சாரல் கைபேசியையும் மூக்குக்கண்ணாடியையும் ஒருசேர நனைத்துவிடும் என்பதால், துடைக்க ஒரு துணியைச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

மூன்றாவது ரௌமா பாதை. ஓஸ்லோ-ட்ரொண்ட்ஹைம் வழியிலுள்ள டொம்போஸ் சந்திப்பிலிருந்து ஒண்டால்ஸ்நெஸ் வரை 114 கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரௌமா ஆற்றுக்கு 59 மீட்டர் மேலே நிற்கும் ஷில்லிங் கல்பாலமும், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் செங்குத்தாக எழும் ட்ரோல் சுவர் என்ற பாறை முகமும் இந்தப் பாதையில்தான் இருக்கின்றன. கூட்டமும் ஃப்ளோம் ரயிலைவிடக் குறைவு, செலவும் குறைவு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நான் தயங்காமல் ரௌமாவைத்தான் சொல்வேன். மனைவி ஃப்ளோமைச் சொல்வார்.

நான்காவது ட்ரொண்ட்ஹைமிலிருந்து வடக்கே பூடோ வரை செல்லும் நூர்லாண்ட் பாதை. 729 கிலோமீட்டர், ஏறக்குறைய பத்து மணி நேரம். சால்ட்ஃபியெல் பீடபூமியில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கிறது. ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை பூடோவில் நள்ளிரவிலும் சூரியன் மறைவதில்லை. பன்னிரண்டு நாளுக்குக் குறைவாக விடுப்பு இருப்பவர்கள் இதை அடுத்த பயணத்துக்கு ஒத்திவைப்பது நல்லது. நாங்களும் அப்படித்தான் விட்டுவிட்டோம்.

ஒரு வாரம் மட்டுமே இருந்தால், ஓஸ்லோவிலிருந்து மிர்டால், அங்கிருந்து ஃப்ளோம், அங்கே ஓர் இரவு, மறுநாள் படகில் நேரோய்ஃபியோர்டு வழியாகக் குட்வாங்கன், பேருந்தில் வோஸ், ரயிலில் பெர்கன், இரண்டு நாள் கழித்து நேர் ரயிலில் ஓஸ்லோ என்று சுற்றுவது வசதி. படகுப் பயணம் இரண்டு மணி நேரம், பேருந்து ஒரு மணி நேரம், வோஸ்-பெர்கன் ரயில் ஒன்றேகால் மணி நேரம். இதையே ஒரே தொகுப்பாக விற்கும் ஏற்பாடும் உண்டு. தனித்தனியாக வாங்கினால் சற்று மலியும், ஆனால் இணைப்பு நேரங்களை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே மாதப் பிற்பாதியிலிருந்து ஜூன் கடைசி வரை பனி உருகி அருவிகள் நிரம்பி விழும். ஜூலையில் வெயில் நன்றாக இருந்தாலும் உள்ளூர்க்காரர்களின் விடுமுறை, கப்பல் பயணிகள், தண்டவாளப் பராமரிப்பு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். செப்டம்பரில் மலைச்சரிவுகள் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறும், கூட்டமும் வடிந்துவிடும். டிசம்பரில் போக விரும்புகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்: பெர்கனில் அப்போது ஒன்பதே முக்கால் மணி வாக்கில் விடிந்து மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். காலை ரயிலைத் தவிர வேறு எதில் ஏறினாலும் ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும்.

எந்த மாதமானாலும் பெர்கனில் மழை பெய்யும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குடை காற்றில் நிற்பதில்லை. தொப்பி வைத்த மழைச்சட்டைதான் உதவும்.

3. தண்டவாளம் மூடப்படும் நாள்களைப் பாருங்கள்

இதைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நார்வேயில் தண்டவாளங்களைப் பராமரிப்பது பானே நூர் என்ற அரசு நிறுவனம். ரயில்களை ஓட்டுவது வேறு வேறு நிறுவனங்கள். பனிக்காலத்தில் வேலை செய்ய முடியாது என்பதால் பெரிய பராமரிப்புப் பணிகளைக் கோடையில், அதிலும் ஜூலையில், குவித்துவிடுகிறார்கள். அந்த நாள்களில் பாதையின் ஒரு துண்டுக்கு ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடுவார்கள். சீட்டில் "பஸ் ஃபோர் டோக்" என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால் அதற்கு 'ரயிலுக்குப் பதில் பேருந்து' என்று பொருள். விலை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து நான் முதலில் கூடையில் போட்ட பயணம் இத்தகையதுதான். பணம் கட்டும் பக்கத்துக்கு வந்த பிறகு, மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இந்தப் பேருந்துப் படம் எதற்கு?" என்று கேட்டதால் தப்பித்தோம்.

ஆகவே, பயண நாளை உறுதி செய்வதற்கு முன், என்டூர் என்ற தேசியப் பயணத் திட்டத் தளத்தில் அந்த நாளுக்குரிய பயணத்தைத் தேடி, ஒவ்வொரு துண்டிலும் ரயில் படம் இருக்கிறதா, பேருந்துப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்பாராத மூடல்களும் உண்டு. 2023 ஆகஸ்ட்டில் ஹான்ஸ் புயல் வெள்ளத்தில் ரிங்கெபு அருகே ராண்ட்க்லேவ் ரயில் பாலம் இடிந்து, ஓஸ்லோ-ட்ரொண்ட்ஹைம் பாதை அவ்விடத்தில் துண்டிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில்தான் மறுபடி திறந்தது. நாங்கள் பிப்ரவரியில் திட்டமிட்டபோது பாலம் இல்லை. ரௌமா பாதைக்குப் போக அந்த வழிதான் என்பதால், அந்தப் பகுதியைப் பயணத்தின் கடைசியில் வைத்து, திறக்காவிட்டால் ஓஸ்லோவிலேயே இரண்டு நாள் கூடுதலாகத் தங்குவதென்று விடுதியிடம் பேசிவைத்திருந்தோம். உங்கள் திட்டத்திலும் இப்படி வெட்டி எறியக்கூடிய பகுதி ஒன்று கடைசியில் இருக்கட்டும்.

4. விசா

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா தேவை. பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால் அதிக நாள் தங்கும் நாட்டுக்கும், நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தை நார்வே குடிவரவுத் துறையின் இணையத் தளத்தில் நிரப்பி, கட்டணத்தை அங்கேயே அட்டையில் செலுத்தி, அச்செடுத்துக்கொண்டு, பிறகு விசா மையத்தில் நேரம் வாங்கிக் கைரேகை கொடுக்கப் போக வேண்டும். நாங்கள் கட்டும்போது கட்டணம் 80 யூரோ. 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ ஆகிவிட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குப் பாதி, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் தனி.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். பதினைந்து நாளில் முடிவு என்பது விதி. கூடுதல் பரிசீலனை தேவைப்பட்டால் நாற்பத்தைந்து நாள் வரை ஆகலாம் என்பதும் விதிதான். கோடைக்கு முன் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. ஆகவே ஜூன் பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். நாங்கள் ஏப்ரலில் விண்ணப்பித்தோம். விசா கையில் வந்தபோது பயணத்துக்குப் பதினொரு நாள்தான் இருந்தது.

ஆவணங்களில் கவனிக்க வேண்டியவை:

பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லக்கூடியதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதும் செல்லுபடியாக, பயண நாள்கள் அனைத்தையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, அலுவலக விடுப்புக் கடிதம் ஆகியவை வழக்கமானவை. கையிலுள்ள பணத்தைப் பொறுத்தவரை ஆளுக்கு நாளொன்றுக்கு 500 குரோனர் (நார்வே நாணயம்) என்பது பொதுவான அளவுகோல். விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரம் திடீரென்று பெருந்தொகையைக் கணக்கில் போட்டால் அதற்கு விளக்கம் கேட்பார்கள்.

இவை அனைத்தையும்விட நம்மவர்களுக்கு ஒரு தனித் தலைவலி இருக்கிறது: தலைப்பெழுத்து. என் வங்கிக் கணக்கில் பெயருக்கு முன்னால் தந்தை பெயரின் ஒற்றை எழுத்து மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர் குடும்பப்பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சம்பளச் சீட்டில் எழுத்து பின்னால் போய்விட்டது. மூன்று ஆவணத்திலும் மூன்று மனிதர்கள். விசா மையத்தில் அமர்ந்திருந்த பெண் அவற்றை வரிசையாக அடுக்கி வைத்து, "இவர்கள் எல்லோரும் நீங்கள்தானா?" என்று சிரிக்காமல் கேட்டார். வங்கியில் பாஸ்போர்ட் எண்ணையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயரையும் குறிப்பிட்டு ஒரு சான்றுக் கடிதம் வாங்கிக்கொண்டால் இந்தச் சங்கடம் தீரும். காப்பீட்டையும் விமானச் சீட்டையும் தொடக்கத்திலேயே பாஸ்போர்ட் பெயரில் எடுங்கள்.

விசாவுக்காக ரயில் சீட்டு வாங்க வேண்டியதில்லை. நாள்வாரியாக, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்த ரயிலில் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய விடுதி முன்பதிவுகளை இணைத்தால் போதுமானது. நாங்கள் இது தெரியாமல் ரயில் சீட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, விசா வரும் வரை தினமும் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

5. ரயில் சீட்டு

ஓஸ்லோ-பெர்கன் ரயிலை 'வி' என்ற அரசு நிறுவனமும், ட்ரொண்ட்ஹைம், ரௌமா, நூர்லாண்ட் பாதைகளை எஸ்ஜே நூரும் ஓட்டுகின்றன. இரண்டு நிறுவனத்தின் சீட்டுகளும் என்டூரில் கிடைக்கும். ஒரே பயணத்தில் ரயில் மாற வேண்டியிருந்தால், உதாரணமாக ஓஸ்லோ-டொம்போஸ்-ஒண்டால்ஸ்நெஸ் போவதாக இருந்தால், அதைத் துண்டு துண்டாக வாங்காமல் ஒரே சீட்டாக வாங்குங்கள். முதல் ரயில் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால், நடத்துநரிடம் காட்டுவதற்கு ஒரே பயணத்துக்கான சீட்டு கையில் இருக்கும்.

சீட்டுகள் பெரும்பாலும் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு விற்பனைக்கு வருகின்றன. தண்டவாளப் பணி அட்டவணை முடிவாகாவிட்டால் தாமதமாகவும் வரலாம். விலை விமானச் சீட்டைப் போல ஏறிக்கொண்டே போகும். ஓஸ்லோ-பெர்கனுக்கு நான் பார்த்த விலைகள் 400, 500 குரோனரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிப் போயின. குரோனர் அப்போது ஏறக்குறைய எட்டு ரூபாய். மலிவான வகையில் பணம் திரும்பாது. சற்றே கூடுதலாகக் கொடுத்தால் ரத்து செய்யக்கூடிய வகை கிடைக்கும். விசா வருவதற்கு முன் வாங்குவதாக இருந்தால் இரண்டாவது வகையை மட்டும் வாங்குங்கள். விசா வந்த பிறகும் மூன்று, நான்கு வாரம் மிச்சமிருந்தால் மலிவான வகைக்கே காத்திருக்கலாம். வெள்ளி மாலையையும் ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்தால் கிடைக்கும்.

எங்கள் பெரிய தவறைச் சொல்லிவிடுகிறேன். ஓஸ்லோ-பெர்கன் நேர்ச்சீட்டை மலிவாகக் கண்டதும் வாங்கிவிட்டேன். வழியில் மிர்டாலில் இறங்கி, ஃப்ளோம் போய், மறுநாள் அதே சீட்டில் மீதித் தூரம் போகலாம் என்று நம் ஊர் இடைநிறுத்த வசதியை மனதில் வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். அங்கே சீட்டு குறிப்பிட்ட நாளின் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். வழியில் இறங்கினால் மீதித் தூரம் போனதுதான். இருவருக்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் குரோனர் வீணானது. மிர்டால் வரை வேறு சீட்டு, வோஸிலிருந்து வேறு சீட்டு என்று புதிதாக வாங்கினோம்.

ஃப்ளோம் ரயிலுக்குக் கட்டணம் தனி. ஒரு மணி நேரப் பயணத்துக்கு, ஏழு மணி நேரப் பயணத்தின் மலிவுச் சீட்டுக்கு நிகரான விலையைக் கேட்பார்கள்; கோடையில் நிறைந்தும் விடும். முதலில் இதை வாங்கிவிட்டு, அதற்கேற்ப ஓஸ்லோ ரயிலைத் தேர்ந்தெடுங்கள். மிர்டாலுக்கும் சாலை இல்லை; அங்கே இணைப்பைத் தவறவிட்டால் வாடகைக் கார் வராது, அடுத்த ரயில்தான்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டுக் கட்டணம் இல்லை. பதினேழு வயது வரையிலும், 67 வயது நிரம்பியவர்களுக்கும் சலுகை உண்டு. முதியவர்கள் பாஸ்போர்ட்டின் நகலைக் கையில் வைத்திருந்தால் போதும்.

எங்கள் இருவருக்கும் ரயில், படகு, பேருந்து எல்லாம் சேர்ந்து ஏழாயிரம் குரோனரைத் தொட்டது. ரூபாயில் ஐம்பத்தைந்தாயிரம் சுற்று. வீணான சீட்டை இதில் சேர்க்கவில்லை. சேர்க்க மனம் வரவில்லை.

6. யூரெயில் பாஸ் வேண்டுமா?

பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் ஒரே சீட்டில் போக உதவும் பாஸ் இது. நார்வேக்குள் மட்டும் மூன்று, நான்கு நீண்ட பயணம் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம். முன்கூட்டி வாங்கும் தனிச் சீட்டுகளே மலிவாக வரும். பாஸ் இருந்தாலும் நீண்ட தூர ரயில்களில் இருக்கைக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். ஃப்ளோம் ரயிலில் பாஸ் செல்லாது, 30 சதவீதத் தள்ளுபடி மட்டுமே கிடைக்கும். ஸ்வீடன், டென்மார்க் என்று தொடர்ந்து போகிறவர்கள் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

7. அட்டையும் கைபேசியும்

ஒன்பது நாளில் ஒரு நோட்டைக்கூட நாங்கள் தொடவில்லை. நிலையக் கழிப்பறைக் கதவுகூட அட்டையைக் காட்டினால்தான் திறக்கிறது. கிளம்புவதற்கு முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிமாற்றம், இணையப் பரிமாற்றம், தொடுமுறைப் பரிமாற்றம் மூன்றையும் திறந்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் உங்கள் இந்திய எண்ணுக்கு வரும் என்பதால், அந்தச் சிம்மை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆளுக்கொரு அட்டை, வேறு வேறு வங்கியினுடையதாக இருப்பது நல்லது.

சீட்டுகளைச் செயலியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். மலைப் பாதையில் சுரங்கத்துக்குள் நுழைந்தால் இணையம் போய்விடும். நடத்துநர் அப்போதுதான் வருவார்.

ஊர்ப் பெயரைத் தேடும்போது ஒரு சிறு தடங்கல் வரலாம். ஒண்டால்ஸ்நெஸ் என்ற பெயர், தலையில் சிறு வட்டம் வைத்த முதல் எழுத்தில் தொடங்குகிறது. நார்வே அகரவரிசையில் அந்த எழுத்து கடைசி எழுத்து. பட்டியலின் தலையில் தேடிக் கிடைக்காவிட்டால் அடியில் பாருங்கள்.

8. எந்தப் பக்கம் உட்காருவது?

ஓஸ்லோவிலிருந்து பெர்கன் போகும்போது இடப்பக்கம். ஃபின்சேயை ஒட்டிய ஹார்டாங்கர் பனியாறு அந்தப் பக்கம்தான் தெரியும், திரும்பும்போது வலப்பக்கம். டொம்போஸிலிருந்து ஒண்டால்ஸ்நெஸ் போகும்போது ட்ரோல் சுவர் இடப்பக்கம், ரொம்ஸ்டால்ஸ்ஹோர்ன் சிகரம் வலப்பக்கம். சீட்டு வாங்கும்போதே வரைபடத்தில் இருக்கையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஜன்னலோர இருக்கை என்று போட்டிருந்தாலும் சில இருக்கைகளுக்கு நேரே இரண்டு ஜன்னல்களுக்கு இடைப்பட்ட சுவர்தான் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. முன்னால் இருந்தவரின் தலைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் கழுத்தைக் கொக்கு போல நீட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கழித்தேன். மேசையுள்ள நான்குபேர் இருக்கைகளில் ஜன்னல் தடையின்றி இருக்கும்.

இரவு ரயிலில் படுக்கை அறையை முழுதாகவே தருகிறார்கள். முன்பின் தெரியாதவர்களோடு பகிர வேண்டியதில்லை. விடுதிச் செலவு ஒன்று மிஞ்சும். ஆனால் பெர்கன் பாதையில் இரவில் போனால், எதைப் பார்க்க வந்தீர்களோ அதைத் தூக்கத்தில் கடந்துவிடுவீர்கள். திரும்பும் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

9. சாப்பாடும் மூட்டையும்

பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து நார்வேக்குக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. நெய்ப் புட்டியையும் பால்கோவாவையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அவல் ஆகியவற்றோடு நாங்கள் போனோம். ரயிலில் சிற்றுண்டிக் கடை இருக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதில் அதிகம் தேறாது. கிவி, ரேமா 1000 போன்ற மலிவு விலை அங்காடிகளில் ரொட்டி, பழம், தயிர், சாலட் வாங்கிக்கொண்டு ஏறலாம். தயிர் புளிப்பு குறைவாக, சற்றுக் கெட்டியாக இருக்கும். வெந்நீரில் ஊறிய அவலோடு கலந்தால் தயிர்சாதத்துக்கு மிக அருகில் வருகிறது. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், புட்டி வாங்குவது வீண்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய அங்காடிகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நிலையத்து நார்வேசன் கடையில் இரட்டை விலை கொடுத்து இனிப்பு ரொட்டி சாப்பிட வேண்டியிருக்கும். மே 17 தேசிய நாள், அன்றும் இதே நிலைதான். அதோடு விடுதிகளும் நிறைந்திருக்கும்.

சுமைதூக்குவோர் கிடையாது. ஒருவர் தனியாக ரயில் படியில் தூக்கி ஏற்ற முடியாத பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள். ஓஸ்லோ, பெர்கன் நிலையங்களில் பூட்டுப் பெட்டகங்கள் உண்டு.

10. போகும் நாளும் வரும் நாளும்

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. நீங்கள் ஃபிராங்க்ஃபர்ட் போன்ற இடத்தில் விமானம் மாறினால் அந்தச் சோதனை அங்கேயே நடக்கும். இணைப்பு விமானத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி இருக்கும்படி சீட்டு எடுங்கள்.

ஓஸ்லோ விமான நிலையத்திலிருந்து நகருக்கு இரண்டு வகை ரயில்கள் உண்டு. விளம்பரங்களில் பெரிதாகத் தெரிவது விரைவு ரயில். சுமார் இருபது நிமிடம். அதே தண்டவாளத்தில் 'வி' நிறுவனத்தின் சாதாரண ரயில் இருபத்து மூன்று நிமிடத்தில், ஏறக்குறைய பாதி விலைக்குப் போகிறது.

நிலையத்தில் அறிவிப்புப் பலகையில் "ஸ்பூர்" என்பது நடைமேடை எண், "ஃபோர்ஸிங்கெட்" என்றால் தாமதம், "இன்ஸ்டில்ட்" என்றால் ரத்து. கடைசிச் சொல்லைப் பார்த்தால் பதறாமல் பலகையின் கீழ்வரியைப் படியுங்கள். மாற்றுப் பேருந்து நிலையத்தின் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும் என்று அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

திரும்பி வரும் நாளில் பெர்கனிலிருந்தோ ஒண்டால்ஸ்நெஸிலிருந்தோ நேராக விமான நிலையத்துக்குப் போகும்படி திட்டமிடாதீர்கள். விமானத்துக்கு முந்தைய இரவை ஓஸ்லோவில் கழியுங்கள். எங்கள் கடைசி ரயில் மலைமேல் ஓர் இடத்தில், எதிர் ரயிலுக்காக, ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றது. விமானம் மறுநாள் மதியம்தான் என்பதால், மிச்சமிருந்த அவலை மேசையில் விரித்துவைத்து, எதிரே அமர்ந்திருந்த பாட்டிக்கும் கொஞ்சம் கொடுத்து, வெளியே பாறையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.